கல்மேல் வாழும் இரட்டையர்

உங்கள் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் யாராவது படிக்கிறார்களா? பள்ளி திறந்த முதல் வாரத்தில் அவர்களை எப்படி அடையாளம் கண்டுகொண்டீர்கள் என்று சற்று நினைத்துப் பாருங்கள். "நீலப் பை வைத்திருப்பவன் அண்ணன், பச்சைப் பை வைத்திருப்பவன் தம்பி" என்று மனத்தில் குறித்து வைத்திருப்பீர்கள். ஒருநாள் தம்பி நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் உங்கள் கணக்குத் தவறிப் போயிருக்கும். பிறகு ஒருவனுடைய காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன்பின் பை மாறினாலும், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாலும் நீங்கள் ஏமாறவில்லை.

பை மாறும், மச்சம் மாறாது. ஒன்றுபோலத் தோன்றும் இரு தாவர இனங்களைப் பிரித்தறியத் தாவரவியலார் கையாளும் முறையும் இதுதான். எது பை, எது மச்சம் என்று கண்டுபிடிப்பதில்தான் அவர்களுடைய திறமையெல்லாம் இருக்கிறது. கல்லிலும் சுவரிலும் வாழும் மாஸ் என்னும் சின்னஞ்சிறு தாவரங்களைக் கொண்டு அந்தத் திறமையை நாமும் பழகிப் பார்ப்போமா?

மாஸ் என்பது எது?

மழைக்காலத்தில் கிணற்றடியிலும் படிக்கட்டிலும் பச்சையாகப் படர்வதையெல்லாம் நாம் 'பாசி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இருவேறு கூட்டங்கள் கலந்திருக்கின்றன. கால் வைத்தால் வழுக்கிவிடும் கொழகொழப்பான படலம் பெரும்பாலும் ஆல்கா. விரலால் தடவினால் வெல்வெட்டுத் துணிபோல மெத்தென்று இருப்பது மாஸ். அதைச் சிறிது கிள்ளி எடுத்துக் கைலென்சின் கீழே பாருங்கள். சிறு தண்டு, அதைச் சுற்றிலும் சிறு சிறு இலைகள் என ஒரு குட்டிச் செடியே தெரியும்.

இந்தச் செடிக்கு உண்மையான வேர் கிடையாது. அடியிலுள்ள மெல்லிய இழைகள் கல்லைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. மழை பெய்தால் இலைகளின் மேற்பரப்பே நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை நின்றால் செடி காய்ந்து சுருண்டுவிடும், ஆனால் சாவதில்லை. கல்லின்மேல் வாழும் மாஸ்களுள் பல மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, பிறகு ஒரு மழையில் சில நிமிடங்களில் பச்சை கட்டுகின்றன. மண்ணே இல்லாத கல்லில் அவை குடியிருக்க முடிவதன் இரகசியம் இதுவே.

மாஸுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. கருவுற்றபின் செடியின் நுனியிலிருந்து ஒரு காம்பு கிளம்புகிறது. அதன் தலையில் ஒரு சிறு பை உண்டாகிறது. உங்கள் பாடநூல் இதைக் காப்சூல் என்று கூறும். நாம் வித்துப்பை என்றே வைத்துக்கொள்வோம். இதனுள்ளே ஸ்போர்கள் எனப்படும் தூள் போன்ற வித்துகள் இருக்கின்றன. இந்தப் பையின் அமைப்பை ஒருமுறை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய மச்சங்களுள் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன.

பையின் மேலே ஒரு தொப்பி இருக்கும். கரு வளர்ந்து எழும்போது தாய்ச் செடியின் திசு கிழிந்து அதன் தலைமேல் ஒட்டிக்கொண்டு வருவதே இது. தாய் வீட்டுச் சீதனம் என்று சொல்லலாம்! தொப்பி விழுந்தால் அடியில் ஒரு மூடி தெரியும். மூடியும் கழன்று விழுந்தால் பையின் வாயைச் சுற்றி வரிசையாகப் பற்கள் தெரியும். காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இப்பற்கள் அசைந்து, வித்துகள் வெளியேறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. பல மாஸ்களில் பற்களின் எண்ணிக்கை நான்கு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு என்று அழகான ஒரு கணக்கில் அமைந்திருக்கும். பையின் நடுவே ஒரு தூண் உண்டு. வித்துகள் அதைச் சுற்றியே உருவாகின்றன.

இந்த நுண்ணிய உறுப்புகளின் சிறப்பை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் யோகான் ஹெட்விக் என்னும் மருத்துவர். 1730-இல் பிறந்து, ஜெர்மனியில் கெம்னிட்ஸ், லைப்சிக் ஆகிய நகரங்களில் வாழ்ந்தவர். மாஸ்களை நுண்ணோக்கியில் பார்த்து, வித்துப்பையின் பற்களைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தினார். அவர் 1799-இல் காலமானார். அவருடைய பெரும் நூல் 1801-இல்தான் வெளிவந்தது. பூக்கும் தாவரங்களின் அறிவியல் பெயர்களுக்கு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூல் தொடக்கம் என்று படித்திருப்பீர்கள். மாஸ்களுள் பெரும்பாலானவற்றின் பெயர்களுக்கு ஹெட்விக்கின் 1801-ஆம் ஆண்டு நூலே தொடக்கம்.

ஒரே சுவரில் மூன்று மெத்தைகள்

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். அந்நாட்டில் சுவர் மாஸ்களை இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆகவே எந்த இனம் எதனோடு குழம்பும் என்பது அங்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு சிற்றூரில் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய கல் சுவர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் அதன் தலைப்பில் நரை விழுந்தாற்போல் சாம்பல் பூத்த சிறு சிறு மெத்தைகள் உட்கார்ந்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றே. கைலென்சோடு நெருங்கினால் அந்த நரைக்குக் காரணம் தெரியும். ஒவ்வோர் இலையின் நுனியும் நிறமற்ற வெள்ளை மயிராக நீண்டிருக்கிறது. ஆனால் நுனிமயிர் உள்ள மாஸ்கள் பல உண்டு. இதை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிட முடியாது.

ஆகவே காம்பைப் பார்ப்போம். முதல் மெத்தையில் வித்துப்பைகள் 1 முதல் 2 செ.மீ. வரை உயர்ந்த நேரான காம்பின் மேல், குண்டூசிகள் குத்தி வைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கின்றன. மூடி விழுந்த பையில் மெல்லிய பற்கள் கயிறு திரித்தாற்போல் முறுக்கிக் கிடக்கின்றன. இது டார்ட்டுலா மியூராலிஸ். மியூராலிஸ் என்றால் 'சுவருக்குரியது' என்று பொருள்.

இரண்டாவது மெத்தையில் முதலில் வித்துப்பையே கண்ணில் படாது. இலைகளை விலக்கினால்தான் தெரியும். காம்பு கொக்கின் கழுத்துபோல வளைந்து, இளம்பையை மெத்தைக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கிறது. முதிர்ந்து காயும்போது காம்பு ஓரளவு நிமிர்கிறது. இது கிரிம்மியா. கிரிம் என்ற ஜெர்மானிய மருத்துவரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர்.

மூன்றாவதிலும் வித்துப்பை இலைகளுக்குள் மறைந்துதான் இருக்கிறது. ஆனால் காம்பு வளையவில்லை. காம்பு என்று சொல்லும் அளவுக்கு நீளமே இல்லை. பை நேராக இலைகளின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. மூடி விழுந்ததும் செந்நிறப் பற்கள் விரிந்து சிறு பூப்போலக் காட்சி தரும். இது ஷிஸ்டிடியம். கிரிம்மியாவுக்கு மிக நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே பேரினமாகவே எண்ணினார்கள். இவற்றைப் பிரிக்க மிக அழகான மச்சம் ஒன்று உண்டு. கிரிம்மியாவின் மூடி விழும்போது மூடி மட்டுமே விழும். நடுத்தூண் பைக்குள்ளேயே நிற்கும். ஷிஸ்டிடியத்தின் மூடி விழும்போது நடுத்தூணும் மூடியோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். கைப்பிடி வைத்த மூடியைக் கழற்றினாற்போல இருக்கும். வெயிலோ நிழலோ, கல்லோ காரையோ இந்த வழக்கத்தை மாற்றுவதில்லை.

பாருங்கள்! மூன்று மெத்தைகளுக்கும் நிறம் ஒன்று, நரை ஒன்று, இடமும் ஒன்று. வித்துப்பை மட்டும் மூன்று விதமாகப் பேசுகிறது.

உண்மையான இரட்டையர்

இதுவரை நாம் பிரித்தவை வெவ்வேறு பேரினங்கள். அண்டை வீட்டாரைப் பிரிப்பதுபோல இது எளிது. இனி உடன்பிறந்தவர்களுக்கு வருவோம்.

கிரிம்மியாவில் சுவரிலும் கூரை ஓட்டிலும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது கிரிம்மியா பல்வினேட்டா. பல்வினேட்டா என்றால் 'மெத்தை போன்றது' என்று பொருள். இதன் இரட்டைப் பிறவி போன்றது கிரிம்மியா ஆர்பிகுலாரிஸ். இது வெயில் காயும் சுண்ணாம்புப் பாறைகளை விரும்புவது. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில் மிகுதி; இங்கிலாந்தில் தெற்கே சில பகுதிகளில் உண்டு. இரண்டுக்கும் உருண்டை மெத்தை, வெள்ளை நுனிமயிர், வளைந்த காம்பு. சுண்ணாம்புக் கல்லில் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கவும் கூடும். எப்படிப் பிரிப்பது?

முதல் மச்சம் மூடி. பல்வினேட்டாவின் மூடியில் பறவையின் அலகுபோல நீண்ட கூர்முனை இருக்கும். ஆர்பிகுலாரிசின் மூடியில் அலகு கிடையாது. நடுவில் சிறு குமிழ் மட்டும் இருக்கும்.

இரண்டாவது மச்சம் தொப்பி. பல்வினேட்டாவின் தொப்பி கூம்பு வடிவில் தலைமேல் நேராக அமர்ந்திருக்கும். அதன் கீழ்விளிம்பு சுற்றிலும் பிளவுபட்டிருக்கும். ஆர்பிகுலாரிசின் தொப்பி ஒரு பக்கம் மட்டும் மேல்நோக்கிக் கிழிந்து, சாய்வாக உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது மச்சம் இலையின் நுனி. பல்வினேட்டாவில் இலை அகலமாகவே சென்று, நுனியில் திடீரென்று குறுகி, அங்கிருந்து மயிர் கிளம்பும். ஆர்பிகுலாரிசில் இலை சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே போய் மயிராக முடியும்.

இவற்றோடு, ஆர்பிகுலாரிசின் மெத்தை சற்றுக் கருமை கலந்து தோன்றும் என்று நூல்களில் படிக்கலாம். அது உண்மைதான். ஆனால் நிறம் என்பது பை; மச்சம் அல்ல. "கறுப்பாக இருக்கிறதே, கொஞ்சம் நின்று பார்ப்போம்" என்று நம்மை நிறுத்தி வைக்க அது உதவும். "கறுப்பாக இருக்கிறது, ஆகவே இது ஆர்பிகுலாரிஸ்" என்று முடிவு கட்ட உதவாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று மச்சங்களை ஏன் சொன்னேன்? ஒன்று போதாதா? ஒரு வேளை நீங்கள் போகும் நாளில் மூடிகளெல்லாம் விழுந்து போயிருக்கலாம். அப்போது இன்னும் முதிராத பைகளைத் தேடித் தொப்பியைப் பார்க்க வேண்டும். தொப்பியும் இல்லையென்றால் இலைகளைப் பார்க்க வேண்டும். அதுவும் ஓர் இலையை மட்டும் பார்த்தால் போதாது. ஓர் இலை சிதைந்திருக்கலாம். ஒன்று இன்னும் வளராமல் இருக்கலாம். பல தண்டுகளிலிருந்து பல இலைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே பெயரைச் சொன்னால் அந்தப் பெயரை எழுதலாம். ஒன்று ஒரு பெயரையும், மற்றொன்று வேறு பெயரையும் சொன்னால் 'கிரிம்மியா' என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படி நிறுத்துவது தோல்வி அன்று. அது நேர்மையான விடை.

எது மாறும், எது மாறாது?

"மாறும் குணம், மாறாத குணம் என்கிறீர்களே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு சோதனையால் இதற்கு விடை காணலாம்.

ஒரு மாஸ் மெத்தையை எடுத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மெத்தையின் இரு பாதிகள் என்பதால் இரண்டும் ஒரே இனம் என்பதில் ஐயமில்லை. ஒரு பாதியை வெயில்படும் இடத்தில் ஓர் ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள். மறு பாதியை அதேபோன்ற ஓட்டுத் துண்டின்மேல் வைத்து நிழலில் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவாக மழைநீரைத் தெளித்து வாருங்கள். சில மாதங்கள் கழித்துப் புதிதாக வளர்ந்த பகுதிகளை ஒப்பிடுங்கள். நிறம், தண்டின் உயரம், இலைகளின் நெருக்கம் ஆகியவற்றில் வேறுபாடு தெரிந்தால், அதை உண்டாக்கியது இனம் அன்று, இடம்தான் என்று துணிந்து சொல்லலாம். இரண்டு பாதியிலும் மாறாமல் இருக்கும் குணங்களே மச்சமாகத் தகுதி பெற்றவை.

கல்மேல் வாழும் மாஸ்களில் நுனிமயிரின் நீளம் நம்மை அடிக்கடி ஏமாற்றும் குணம். திறந்த வெயிலில் வளரும் செடிகளில் மயிர் நீண்டு, மெத்தை முழுதும் நரைத்துத் தோன்றும். நிழலில் ஒதுங்கிய அதே இனத்தில் மயிர் குறைந்து, மெத்தை பச்சையாகத் தோன்றும். நீளத்தை மட்டும் நம்பினால் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிடுவோம்!

நுண்ணோக்கி கேட்கும் இனங்கள்

கைலென்சு எல்லா இரட்டையரையும் பிரித்துவிடுமா? பிரிக்காது. ஷிஸ்டிடியத்தின் கதையைக் கேளுங்கள்.

ஹெட்விக்கின் 1801-ஆம் ஆண்டு நூலில் கிரிம்மியா அபோகார்ப்பா என்றொரு மாஸ் இடம்பெற்றது. பின்னாளில் இது ஷிஸ்டிடியம் அபோகார்ப்பம் எனப் பெயர் மாறியது. ஐரோப்பா முழுவதும் பாறையிலும் சுவரிலும் ஷிஸ்டிடியத்தைக் கண்டவர்களுள் பெரும்பாலோர் அதற்கு இந்தப் பெயரையே எழுதி வைத்தார்கள். "இது மிகவும் வேறுபடும் ஓர் இனம்" என்று சொல்லிச் சமாதானம் அடைந்தார்கள்.

ஹான்ஸ் புளோம் என்னும் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. நார்வே, சுவீடன் நாடுகளின் மாதிரிகளைப் பொறுமையாக ஆராய்ந்து 1996-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வித்துப்பைச் சுவரிலுள்ள செல்களின் வடிவம், பற்களின் அமைப்பு, நுனிமயிரின் தன்மை, இலையின் குறுக்குவெட்டு ஆகிய பல குணங்களை ஒன்று சேர்த்துப் பார்த்தார். ஒற்றை இனம் என்று எண்ணியிருந்தது உண்மையில் பல இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது. அவர் பெயரிட்ட புதிய இனங்களுள் ஒன்று ஷிஸ்டிடியம் கிராசிப்பைலம். 'தடித்த மயிர் உடையது' என்பது பெயரின் பொருள்.

பிறகு பிரிட்டனில் சுவர்களையும் கான்கிரீட் பரப்புகளையும் மறுபடி பார்த்தார்கள். அங்கே மிகச் சாதாரணமாக வளர்வது இந்தக் கிராசிப்பைலமே என்று தெரிந்தது. எத்தனையோ பேர் தினமும் கடந்து போன சுவரில், எத்தனையோ வல்லுநர்கள் பார்த்துப் பெயர் எழுதிய செடிக்கு, 1996 வரை சரியான பெயர் இல்லை!

அப்படியானால் பழைய குறிப்பேடுகளில் 'அபோகார்ப்பம்' என்று எழுதியவை எல்லாம் என்ன ஆவது? வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தவரின் குறிப்பு இப்போது பாதிதான் பயன்படும். அவர் கண்டது எந்த இனம் என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு காகித உறையில் அந்த மாஸில் ஒரு சிட்டிகையைப் போட்டு வைத்தவரின் குறிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. மாஸ் காய்ந்தாலும் கெடுவதில்லை. பல பத்து ஆண்டுகள் கழித்தும் ஒரு சொட்டு நீர் விட்டால் இலைகள் விரிந்து பழைய வடிவம் பெறும். நுண்ணோக்கியின் கீழ் வைத்து மறுபடி பெயர் காணலாம். எழுதியவர் தவறு செய்திருந்தாலும் அவர் வைத்த சான்று தவறாது.

இந்த உண்மையை முன்பே உணர்ந்தவர்கள் பிரிட்டனில் 1896-இல் மாஸ் பரிமாற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் தாங்கள் சேகரித்த மாஸ்களை உறையிலிட்டு ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். ஒருவர் வைத்த பெயரை மற்றவர் சரிபார்ப்பார். இச்சங்கமே 1923-இல் பிரிட்டிஷ் பிரையாலஜிகல் சங்கமாக மாறி இன்றும் இயங்கி வருகிறது.

பெயர் தவறினால் என்ன நட்டம்?

"ஒரு சின்ன மாஸுக்குப் பெயர் மாறிப் போனால் யாருக்கு என்ன நட்டம்?" என்று உங்கள் நண்பர் கேட்கக் கூடும். அவருக்கு நியூகாசில் நகரத்தின் கதையைச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் வடகிழக்கே டைன் ஆற்றங்கரையில் உள்ள இத்தொழில் நகரில் அக்காலத்தில் நிலக்கரிப் புகை மிகுதி. அந்தப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு நீரோடு சேர்ந்து அமிலமாகும். மாஸுக்கு மேல்தோல் காப்பு மிகக் குறைவு. மழையில் வருவதையெல்லாம் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காற்று கெட்டால் பல மாஸ்கள் பிழைப்பதில்லை. ஆலிவர் கில்பர்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1960-களில் இந்தப் பள்ளத்தாக்கில் எந்தெந்த மாஸ் எதுவரை வளர்கிறது என்று ஆராய்ந்து, 1968-இல் கட்டுரை வெளியிட்டார். கருவிகள் எதுவும் இல்லாமலே மாஸ்களைக் கொண்டு காற்றின் மாசை அறியலாம் என்பது இத்தகைய ஆய்வுகளால் விளங்கியது.

நம் பல்வினேட்டாவும் இந்தக் கதையில் வருகிறது. நகரத்தை நெருங்க நெருங்க அது மணற்கல் சுவர்களிலிருந்து முதலில் மறைந்தது. ஆனால் சுண்ணாம்புச் சத்துள்ள பரப்புகளில் நகரத்துக்கு இன்னும் அருகில் வரை தாக்குப்பிடித்தது. காரணம் உங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பு ஒரு காரப் பொருள். புகை கொண்டுவந்த அமிலத்தை அது நடுநிலையாக்கியது.

இப்போது எண்ணிப் பாருங்கள். இந்த ஆய்வைச் செய்பவர் மாஸின் பெயரைத் தவறாக எழுதினால் என்ன ஆகும்? அல்லது பெயரைச் சரியாக எழுதி, அது வளர்ந்த கல் எது என்று எழுத மறந்தால் என்ன ஆகும்? "இங்கே பல்வினேட்டா வளர்கிறது, ஆகவே காற்று தூய்மையானது" என்று ஒரு வரைபடம் தயாராகிவிடும். உண்மையில் அங்கே தூய்மையாக இருந்தது காற்று அன்று. கல் செய்த உபகாரம். அந்தத் தவறான வரைபடத்தை நம்பி ஒரு பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ கட்டினால் அதன் பலனை அனுபவிப்பவர்கள் மனிதர்கள்தாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

இந்தப் பயிற்சிக்கு இங்கிலாந்து போக வேண்டியதில்லை. வேண்டியவை பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சு, பழைய செய்தித்தாள், பென்சில், பேனா, சிறிது நீர். அவ்வளவுதான்.

நம் நாட்டில் சுவர்களிலும் பாறைகளிலும் பரவலாக வளரும் மாஸ்களுள் ஹையோஃபைலா, பார்புலா என்ற இரண்டும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். வெறும் கண்ணுக்கு இரண்டுமே குட்டையான பச்சை மெத்தைகள். முதலில் உலர்ந்த நிலையில் பாருங்கள். ஹையோஃபைலாவின் இலை காயும்போது இரு விளிம்புகளும் உட்புறமாகச் சுருண்டு, வெற்றிலையைச் சுருட்டினாற்போல் குழாயாகும். பார்புலாவின் இலைகள் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். இப்போது ஒரு சொட்டு நீர் விடுங்கள். கண்ணெதிரே இலைகள் விரியும். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். வித்துப்பை இருந்தால் மூடி விழுந்த பையின் வாயைப் பாருங்கள். ஹையோஃபைலாவின் வாயில் பற்களே இல்லை. பார்புலாவில் பற்கள் உண்டு. இலை சுருளும் விதம், பற்கள் என்ற இரண்டு அடையாளங்களும் ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்று சோதியுங்கள். சொல்லாவிட்டால் அது மூன்றாவது ஒரு மாஸாக இருக்கலாம். சுவர்களில் வளரும் மாஸ்கள் இவை இரண்டு மட்டும் அல்ல.

சுவருக்கு உரியவரின் அனுமதி பெற்று, நகத்தளவு மட்டும் எடுங்கள். கோயில் சிற்பங்களையும் பழைய கல்வெட்டுகளையும் சுரண்டவே கூடாது. எடுத்ததை நிழலில் உலர்த்தி, செய்தித்தாளை மடித்துச் செய்த உறையில் இடுங்கள். ஞெகிழிப் பையில் இட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

உறையின்மேல் எழுத வேண்டியவை இவை: எந்த ஊர், எந்தச் சுவர்; நாள்; கல்லா, செங்கல்லா, காரையா, சிமெண்டா; வெயிலா, நிழலா; வித்துப்பை இருந்ததா, மூடியோடா, மூடி இல்லாமலா; எடுத்தவர் பெயர். கடைசியாக மாஸின் பெயர். ஐயம் இருந்தால் ஒரு கேள்விக்குறி.

ஓர் ஆண்டில் இப்படி இருபது உறைகள் சேர்ந்தால், உங்கள் ஊர்ச் சுவர்களைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத ஒரு பதிவேடு உங்கள் பள்ளியில் இருக்கும். பின்னாளில் வரும் ஒரு மாணவர் அந்த உறையைப் பிரித்து, ஒரு சொட்டு நீர் விட்டு, நீங்கள் வைத்த பெயர் சரியா என்று பார்க்கக் கூடும். அவருக்கு இடம் விட்டு வையுங்கள். ஊர், நாள், கல் ஆகியவற்றை அழியாத மையால் எழுதுங்கள். மாஸின் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.